மருந்து என்னும் நஞ்சு: தோட்டங்களில் பாராகுவாட்டும் அதன் மாற்றும்

கோல சிலாங்கூர், ஈஜோக், பெஸ்தாரி ஜெயா வட்டாரத் தோட்டங்களில் களைக்கொல்லி தெளிப்பதை ‘மருந்தடித்தல்’ என்றே நம் மக்கள் வழங்கினர். நோய் தீர்ப்பதற்குரிய சொல் நஞ்சுக்கும் பெயராயிற்று. அச்சொல்லுக்குள் மறைந்திருந்த ஒரு பொருளை அரசு விலக்கிய வரலாற்றை இங்குக் காண்போம்.

ரப்பர்த் தோட்டங்களில் களையை அழிக்க முற்காலத்தில் சோடியம் ஆர்சனைட் என்னும் கொடிய நஞ்சு பயன்பட்டது. 1960களில் அதனினும் பாதுகாப்பான மாற்றாக வந்ததே பாராகுவாட். தெளித்த சில மணி நேரத்தில் இலை வாடும். விரைவில் மழை பெய்தாலும் பயன் கெடாது. மழை மிகுந்த நம் நாட்டில் நிர்வாகங்கள் அதனை விரும்பியதில் வியப்பில்லை. ஆயினும், ஒரு மிடறு உட்சென்றாலும் நுரையீரல் கெட்டு உயிர் போகக்கூடும், முறிமருந்தும் இல்லை. புண்பட்ட தோல் வழியாகவும் அது உடலுட் புகும். தெளிப்பானை முதுகில் சுமந்தவருள் பலர் நம் பெண்கள்.

2002இல் தெனாகானித்தா அமைப்பு, பினாங்கைத் தளமாகக் கொண்ட பூச்சிக்கொல்லி எதிர்ப்பு வலையமைப்புடன் இணைந்து, தெளிப்பாளர் உடல்நலம் பற்றிய ஆய்வை வெளியிட்டது. அதே ஆண்டு ஆகஸ்டில் பாராகுவாட்டைப் படிப்படியாக நிறுத்த அரசு முடிவு செய்தது. மாற்றுகள் விலை மிக்கவை, மெதுவாகச் செயற்படுபவை என்பது தோட்டத் துறையின் வாதம். 2006இல் தடை தளர்த்தப்பட்டது. 2020 ஜனவரி 1 முதலே முழுத் தடை நடைமுறைக்கு வந்தது. முதல் முடிவுக்கும் இறுதித் தடைக்கும் இடையே பதினேழு ஆண்டுகள் கடந்தன. அக்காலமெல்லாம் தெளிப்பானைச் சுமந்த முதுகுகளே அத்தாமதத்தின் விலையைக் கொடுத்தன.

இதனின்று நாம் அறிவன இரண்டு. முதலாவது, ஊக்கம் மட்டும் போதாது. உறுதியான நாள் குறிக்கப்பட்டாலன்றி நிறுவனங்கள் மாறா. தீங்கு தரும் இரசாயனத்திற்கு மாற்றுத் தேடுதலையும் முதலாளியின் கட்டுப்பாட்டு வழிகளுள் ஒன்றாக 2000ஆம் ஆண்டின் தொழிலிட விதிகள் கூறுகின்றன. கையுறையும் முகமூடியும் மட்டுமே காப்பு ஆகா.

இரண்டாவது, நேற்றைய மாற்றே இன்றைய நஞ்சாகலாம். ஆர்சனைட்டுக்கு மாற்றாக வந்த பாராகுவாட்டே இதற்குச் சான்று. கிளைபோசேட்டையும் 2015இல் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் ஐயத்திற்குரியதாக வகைப்படுத்தியது. ஆதலின் தெளிப்பையே குறைக்கும் வழிகள் மேலானவை: களையை மூடிப் படரும் மூக்குனா கொடி, செம்பனையில் எலிக்கு நஞ்சு வைப்பதற்கு மாற்றாகக் கூண்டமைத்து வளர்க்கும் கூகை முதலியன.

இன்று அவ்வேலையைச் செய்வோர் பெரும்பாலும் அயல்நாட்டவர். ஆள் மாறினாலும் ஆபத்து மாறவில்லை. ஆசிரியப் பெருமக்கள் வகுப்பறையில் முதலில் செய்யத்தக்கது ஒன்றுண்டு: நஞ்சை நஞ்சென்றே சொல்லப் பழக்குவது.