ஓடுவது ஓரிடம், காண்பது ஓரிடம்

2011ஆம் ஆண்டில் தமிழ்நாட்டு அரசு மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி வழங்கத் தொடங்கியபோது, அந்த யந்திரத்துக்குள் உலகமெங்கும் பழகிப்போன விண்டோஸோடு, சென்னையிலுள்ள சி-டாக் ஸ்தாபனத்தார் லினக்ஸை அடிப்படையாகக் கொண்டு உருவாக்கிய ‘பாஸ்’ என்னும் இயக்குதளத்தையும் சேர்த்தே வைத்துக் கொடுத்தது, பலர் கவனத்துக்கு வராமலே போய்விட்ட ஒரு நல்ல காரியமாகும். காஞ்சிபுரத்தில் பிள்ளையார்பாளையம் போன்ற நெசவாளர் தெருக்களில், தறிக்குழி உள்ள வீடுகளுக்கும் அந்த மடிக்கணினி வந்து சேர்ந்தது. விண்டோஸைத் தவிர வேறொன்றையும் திறந்து பாராத பிள்ளைகளும் இருந்தார்கள், உள்ளே இன்னொன்றும் இருக்கிறதே என்று ஆவலோடு அதையும் திறந்து பார்த்துக் கற்றுக்கொண்ட பிள்ளைகளும் இருந்தார்கள். இன்றோ ஒரே குடும்பத்தில் கடைக் கணக்குக்கு விண்டோஸ் கணினி, படிக்கிற பையனிடம் லினக்ஸ், சென்னையில் உத்தியோகம் பார்க்கும் பெண்ணிடம் ஆப்பிள் நிறுவனத்து மேக் என்று மூன்று ஜாதி யந்திரங்கள் இருப்பது அதிசயமில்லை. ஒன்றுக்கென்று எழுதிய நிரல் மற்றொன்றில் ஓடாது. அப்படியானால் மூவரும் ஒரே வேலையில் எப்படிக் கூடிக்கொள்வது?

காஞ்சிபுரத்துக் காந்தி ரோட்டில் பட்டு ஜவுளி வியாபாரம் செய்கிற அப்படிப்பட்ட குடும்பத்தார் ஒருவரை எண்ணிக்கொள்வோம். இன்ன நெசவாளருக்கு இன்ன தேதியில் பாவு கொடுத்தோம், ஊடைப் பட்டு இத்தனை கிராம், ஜரிகை இத்தனை, அவர் கொண்டுவந்து கொடுத்த சேலை இத்தனை, கூலியில் பாக்கி இவ்வளவு என்று நாள்தோறும் எழுதவேண்டிய கணக்கு அவருக்கு உண்டு. அந்தக் கணக்கு நிரலை மூன்று கணினிகளிலும் தனித்தனியே வைத்தால், மூன்று பேரேடுகள் உண்டாகி, ஒன்றுக்கொன்று ஒவ்வாமல் போகும் என்பது நிச்சயம். ஆகையால் நிரலையும் பேரேட்டையும் ஒரே இடத்தில், எப்போதும் விழித்திருக்கும் ஒரு சர்வர் கணினியில் வைத்துவிட்டு, மூவரும் அவரவர் யந்திரத்திலிருந்து அதை எட்டிப் பிடித்து நடத்துவதுதான் புத்திசாலித்தனமான ஏற்பாடு. அந்தச் சர்வர் கடையின் பின்கட்டிலேயே இருக்கலாம். மாதம் சில நூறு ரூபாய் வாடகைக்கு எடுத்ததாகச் சென்னையிலோ மும்பையிலோ இருக்கலாம். வேலை நடப்பது அங்கே. நம் மேஜை மேல் இருப்பது விசைப்பலகையும் திரையும் மட்டுமே என்று கொண்டால் விஷயம் விளங்கிவிடும்.

இவ்வேற்பாடு நமக்குப் புதிதும் அன்று. 1995ஆம் ஆண்டு ஆகஸ்டு 15ஆம் தேதி, விதேஷ் சஞ்சார் நிகம் என்னும் வி.எஸ்.என்.எல். நிறுவனம் பொதுமக்களுக்கு இணைய சேவையைத் தொடங்கிற்று. அதை முதலில் பெற்ற நகரங்களுள் சென்னையும் ஒன்று. முழு வசதியுள்ள கணக்கு வாங்கச் சாமானியர்களுக்குக் கட்டுப்படியாகாத அக்காலத்தில், மாணவர்கள் ஆண்டுக்கு 500 ரூபாய் கொடுத்து ‘ஷெல் கணக்கு’ என்ற ஒன்றை வாங்கிக்கொண்டார்கள். வீட்டுக் கணினியை மோடம் வழியாகத் தொலைபேசிக் கம்பியில் இணைத்து, வி.எஸ்.என்.எல். அலுவலகத்து யுனிக்ஸ் கணினியைக் கூப்பிட வேண்டும். கீச்சொலிகள் அடங்கியபின் திரையில் பெயரும் கடவுச்சொல்லும் கேட்கும். அதன்பின் அஞ்சல் படிக்கப் ‘பைன்’, வலைப்பக்கம் பார்க்க ‘லின்க்ஸ்’ என்று நாம் ஏவுகிற நிரல் எதுவானாலும் அது ஓடுவது அந்த அலுவலகத்துக் கணினியில்தான். படமில்லை, வர்ண ஜாலமில்லை. வெறும் எழுத்துகள் கம்பி வழியே வந்து வரிவரியாக விழும். ஆனால் வீட்டிலிருப்பது டாஸ் கணினியா, விண்டோஸா, மேக்கா என்ற கேள்வியே எழவில்லை. பத்து வருஷத்துப் பழைய யந்திரமும் புது யந்திரமும் அங்கே சமானமாக நின்றன. காஞ்சிபுரத்திலிருந்தவர்கள் தொடக்கத்தில் 75 கிலோமீட்டர் தொலைவிலுள்ள சென்னையை வெளியூர் அழைப்புக் கட்டணம் கொடுத்தே கூப்பிட வேண்டியிருந்தது என்பது ஒன்றே அவர்களுக்கு இருந்த பிரத்தியேகக் கஷ்டம். இந்தியாவில் ஒரு தலைமுறை யுனிக்ஸைக் கற்றுக்கொண்டதில் அந்த எளிய கணக்குக்குப் பெரும் பங்கு உண்டு என்பது என் அபிப்பிராயம்.

இதில் நடக்கிற காரியத்தைச் சற்று அருகிலிருந்து பார்ப்பது நல்லது. காஞ்சியிலிருக்கும் ஒருவர் ‘ஜ’ என்ற எழுத்தைத் தட்டுகிறார்; அந்த எழுத்தை அவருடைய கணினி தானே திரையில் எழுதிவிடுவதில்லை. அது கம்பி வழியே சர்வருக்குப் போய், சர்வர் அதைப் பெற்றுக்கொண்டு திருப்பி அனுப்பிய பிறகே திரையில் தோன்றுகிறது. சர்வர் சென்னையில் இருந்தால் இந்தப் பிரயாணம் கண்ணுக்குப் புலப்படாது. அமெரிக்காவின் கிழக்குக் கரையில் இருந்தாலோ, போக வர ஏறத்தாழ 28,000 கிலோமீட்டர். கண்ணாடி இழைக்குள் ஒளி விநாடிக்குச் சுமார் 2,00,000 கிலோமீட்டர் வேகத்தில்தான் செல்லும் ஆதலால், எவ்வளவு உயர்ந்த உபகரணம் இருந்தாலும் விநாடியில் ஏழில் ஒரு பங்குக்குக் குறைந்து எழுத்து திரும்பி வராது. வேகமாகத் தட்டச்சு செய்கிறவர்களுக்கு அந்தத் தாமதம் விரலில் உறுத்தும். சர்வரை எந்த ஊரில் வாடகைக்கு எடுப்பது என்று யோசிக்கிறவர்கள் விலையை மட்டும் பார்த்துவிட்டு இதை மறந்துவிடக் கூடாது.

வெவ்வேறு இயக்குதளங்கள் எப்படி ஒருவரையொருவர் புரிந்துகொள்கின்றன என்பதற்குக் காஞ்சிபுரத்துத் தறியே சாட்சி. ஜக்கார்டு பெட்டியில் தொங்கும் அட்டைக் கட்டை ஒரு தறியிலிருந்து கழற்றி இன்னொரு தறியில் மாட்டினால், கொக்கிகளின் எண்ணிக்கையும் துளைகளின் இடைவெளியும் ஒன்றாயிருக்கும் வரையில், அதே அன்னமும் அதே மாங்காயும் அங்கும் விழுகின்றன. தறி எந்த மரத்தால் ஆனது, எந்தத் தச்சர் செய்தார் என்று அட்டை கேட்பதில்லை. கணினிகளுக்குள்ளும் இப்படிப்பட்ட உடன்பாடு உண்டு. அதைப் புரோட்டோகால் என்பார்கள். இன்ன வாயிலில் வந்து தட்ட வேண்டும், முதலில் இன்னதைச் சொல்ல வேண்டும், பதில் இன்ன வடிவில் வரும் என்று பகிரங்கமாக எழுதி வைத்த விதிகள் அவை. எவர் வேண்டுமானாலும் படித்துத் தம் இயக்குதளத்துக்கு ஏற்ற நிரலை எழுதிக்கொள்ளலாம்.

முதலில் புழங்கியது 1969 முதல் உருவான டெல்நெட். அதில் ஒரு பெரும் குறை: கடவுச்சொல் உட்பட எல்லாம் மறைவின்றி வெட்டவெளியில் போகும். 1995ஆம் ஆண்டில் பின்லாந்திலுள்ள ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் வலையமைப்பில் எவரோ ஒளிந்திருந்து கடவுச்சொற்களைக் களவாடிவிட, அங்கே ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த டாட்டு யூலோனென் என்பவர், சம்பாஷணை முழுவதையும் சங்கேதமாக மாற்றி அனுப்பும் எஸ்.எஸ்.எச். என்னும் முறையை அதே ஆண்டில் எழுதி வெளியிட்டார். கோப்புப் பரிமாற்றத்துக்கு 21, டெல்நெட்டுக்கு 23 என்று வாயில் எண்கள் இருக்க, இடையில் காலியாயிருந்த 22ஐக் கேட்டு வாங்கிக்கொண்டார். இன்றும் உலகத்துச் சர்வர்கள் பெரும்பாலும் அந்த 22ஆம் வாயிலில்தான் காத்திருக்கின்றன. 1999இல் ஓபன்பிஎஸ்டி குழுவினர் அதன் சுதந்திர வடிவத்தை வெளியிட்டார்கள். லினக்ஸிலும் மேக்கிலும் அது கூடவே வருகிறது. விண்டோஸ்காரர்கள் நெடுங்காலம் இங்கிலாந்தைச் சேர்ந்த சைமன் டாதம் எழுதி இலவசமாகக் கொடுத்த ‘புட்டி’ என்னும் சின்னஞ்சிறு நிரலையே நம்பியிருந்தார்கள்; 2018 முதல் விண்டோஸும் எஸ்.எஸ்.எச்.சைத் தானே உடன்வைத்துத் தருகிறது.

புதிதாக இதைத் தொடுகிறவர்கள் இரண்டு இடங்களில் திகைப்பது வழக்கம். கடவுச்சொல்லைத் தட்டும்போது திரையில் புள்ளிகூட விழாது. விசைப்பலகை கெட்டுவிட்டதென்று எண்ணி விட்டுவிடுகிறார்கள். பார்ப்பவருக்கு எழுத்தின் எண்ணிக்கைகூடத் தெரியக் கூடாது என்பதே காரணம். தட்டி முடித்து என்டரை அழுத்தினால் கதவு திறக்கும். இன்னொன்று, ஒரு சர்வரை முதன்முறை அணுகும்போது, “இதை எனக்கு முன்பின் தெரியாது, இதன் ரேகை இது, மேலே போகலாமா?” என்ற பொருள்பட நம் கணினி கேட்கிற கேள்வி. அநேகமாக எல்லோரும் படித்துப் பாராமலே சம்மதம் கொடுத்துவிடுகிறார்கள். இது நல்ல வழக்கமன்று. சர்வரை வாடகைக்குக் கொடுத்தவர் தெரிவித்திருக்கும் ரேகையோடு ஒருமுறை ஒத்துப் பார்த்துவிட்டால், நடுவில் எவனும் வேஷம் போட்டு நிற்கவில்லை என்பது உறுதியாகும். பின்னொரு நாள் ரேகை மாறியிருந்தால் கணினி தானே எச்சரிக்கும்.

கடவுச்சொல்லைக் காட்டிலும் மேலானது சாவி இணை. நம் கணினியில் ஒரே சமயத்தில் இரண்டு சாவிகள் பிறக்கின்றன. ரகசியச் சாவி நம்மிடமே தங்கும். பகிரங்கச் சாவியைச் சர்வரில் பதிந்துவைக்கிறோம். நாம் உள்ளே நுழைய விரும்பும்போது, அந்தச் சந்திப்புக்கென்றே உண்டான தகவல் ஒன்றின்மீது நம் கணினி ரகசியச் சாவியால் முத்திரையிடுகிறது; முத்திரை மெய்யானதுதானா என்பதைச் சர்வர் பகிரங்கச் சாவியைக் கொண்டு சோதித்துக்கொள்கிறது. ரகசியம் கம்பியில் ஏறுவதே இல்லை. ஆகையால் களவாடுவதற்கு வழியில் ஒன்றும் இல்லை. விண்டோஸில் செய்த சாவியும் லினக்ஸில் செய்த சாவியும் மேக்கில் செய்த சாவியும் ஒரே சர்வரில் அருகருகே பதிந்திருக்கலாம். ஜவுளிக் கடையின் மூவருக்கும் ஆளுக்கொரு சாவி கொடுத்துவிட்டு, அவர்களுள் ஒருவர் விலகிப் போனால் அவருடைய சாவி பதிந்த வரியை மட்டும் அழித்துவிடுவது எத்தனை சௌகரியம்!

படமும் ஜன்னலும் வேண்டும் என்பவர்களுக்கும் வழி உண்டு. அமெரிக்காவின் எம்.ஐ.டி. கல்வி நிலையத்தில், வெவ்வேறு கம்பெனிகளின் கணினிகள் வளாகமெங்கும் நிறைந்திருந்த காரணத்தால், ஒரு யந்திரத்தில் ஓடும் நிரலின் ஜன்னலை வேறொரு யந்திரத்தின் திரையில் வரையும் ‘எக்ஸ்’ என்னும் ஏற்பாடு 1984இல் பிறந்தது. 1987இல் வந்த அதன் பதினோராம் வடிவம் இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. மைக்ரோசாப்டின் தொலைமேஜை முறையும், கேம்பிரிட்ஜிலிருந்து வெளிவந்த வி.என்.சி.யும் 1998இல் பரவத் தொடங்கின. பிரவுசரே போதும் என்னும்படியான நிரல்களும் இப்போது ஏராளம். ஆயினும் படம் டேட்டாவைத் தின்னும். கைப்பேசி சிக்னலை நம்பி வேலை செய்கிறவருக்குக் கறுப்புத் திரையும் எழுத்துமே உற்ற துணை.

இயக்குதளங்களுக்கிடையே எல்லாம் சுமுகம் என்று சொல்லிவிட முடியாது. விண்டோஸில் எழுதும் கோப்பில் ஒவ்வொரு வரியின் முடிவிலும் இரண்டு மறைவான குறிகள் உண்டு. பழைய தந்தித் தட்டச்சு யந்திரத்தில் தலையை இடப்புறம் இழுக்க ஒன்றும், தாளை மேலே தள்ள ஒன்றும் வேண்டியிருந்ததன் எச்சம் அது. லினக்ஸுக்கு ஒரே குறி போதும். கடை விண்டோஸில் எழுதிய கட்டளைக் கோப்பைச் சர்வருக்கு அனுப்பினால், கண்ணுக்குத் தெரியாத அந்த அதிகப்படிக் குறி ஒட்டிக்கொண்டிருக்கிற காரணத்தால், கண்ணெதிரே இருக்கும் கோப்பையே ‘அப்படியொன்றும் இல்லை’ என்று லினக்ஸ் சாதிக்கும். இதைத் திருத்துவதற்கென்றே ‘டாஸ்-டு-யுனிக்ஸ்’ என்ற சிறு நிரல் இருக்கிறது. ஆங்கிலப் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் விண்டோஸுக்கு ஒன்று. லினக்ஸுக்கு வேறு வேறு.

மின்தடையும் ஒரு விஷயம். மூன்று மணி நேரம் ஓட வேண்டிய வேலையைச் சர்வரில் ஏவிவிட்டு உட்கார்ந்திருக்கையில் வீட்டில் மின்சாரம் போய் இணைப்பு அறுந்தால், சர்வரில் ஒரு கேடும் நேராதிருந்தும் அந்த வேலை மடிந்துபோகும்; தொலைபேசி துண்டிக்கப்பட்டது என்று பழைய யுனிக்ஸ் நாளில் அனுப்பிவந்த அதே சேதியை லினக்ஸ் இன்றும் நிரலுக்கு அனுப்பிவிடுகிறது. 1987இல் வந்த ‘ஸ்கிரீன்’, பிற்பாடு வந்த ‘டிமக்ஸ்’ ஆகிய நிரல்களுக்குள்ளிருந்து வேலையை ஏவினால், நம் இணைப்பு அறுந்துபோனாலும் அது நிற்காது. மின்சாரம் வந்தபின், வேறு கணினியிலிருந்துகூட, விட்ட இடத்தில் போய் அமரலாம். நம் ஊர்களில் இதைத் தெரிந்துகொள்ளாமல் சர்வர் வேலை பார்க்கப் புகுவது உசிதமன்று.

இவற்றையெல்லாம் தமிழிலேயே கேட்டுக் கற்க இடம் இருக்கிறது. காஞ்சிபுரத்தின் பெயரைத் தாங்கிய காஞ்சி லினக்ஸ் பயனர் குழு ஞாயிற்றுக்கிழமைகளில் இணையவழியே கூடித் தமிழில் பேசுகிறது; 2012இல் தொடங்கிய ‘கணியம்’ இதழ் லினக்ஸ் பற்றிய கட்டுரைகளையும் நூல்களையும் எளிய தமிழில், விலையின்றி வழங்கிவருகிறது. ஆங்கிலம் சரளமாக வராத நெசவாளர் வீட்டுப் பிள்ளைக்கு இது செய்கிற உபகாரம் பெரிது.

ஆனால் ஒரு குறை இன்னும் தீரவில்லை. டெர்மினல் என்னும் அந்தக் கறுப்புத் திரை, எல்லா எழுத்துக்கும் ஒரே அகலம் என்ற ஆங்கில அனுமானத்தின்மேல் கட்டிய கட்டங்களால் ஆனது. நம் ‘ர’ குறுகல், ‘ஞ’ அகலம்; ‘கொ’ என்பதில் ககரத்தின் இருபுறமும் குறி நிற்கிறது. ‘பாவு கொடுத்தது’ என்று தமிழில் பெயரிட்ட கோப்பைப் பட்டியலிடச் சொன்னால், ஒரு டெர்மினலில் ஒழுங்காகத் தெரிவது இன்னொன்றில் கொம்பு ஒருபக்கமும் கால் ஒருபக்கமுமாகச் சிதறுகிறது. எத்தனை கட்டம் என்று சர்வர் போடும் கணக்கும் திரை போடும் கணக்கும் ஒவ்வாமல், ஓரெழுத்தை அழிக்கப் போனால் வேறோரிடத்தில் ஓட்டை விழுகிறது. இதனாலேயே தமிழில் கணக்கெழுதத் தெரிந்த வியாபாரிகள்கூடச் சர்வரில் கோப்புப் பெயர்களை ஆங்கில எழுத்தில் வைத்துக்கொள்கிறார்கள். இந்த டெர்மினல்களில் பலவற்றின் மூல நிரல் திறந்தே கிடக்கிறது. எந்தச் சொல், எந்த இயக்குதளத்தில், எந்த இடத்தில் உடைகிறது என்று படம் எடுத்து எழுதி அனுப்புவதற்குத் தமிழ் படிக்கத் தெரிந்த கண்கள்தாம் வேண்டும். ஒரு விண்டோஸும் ஒரு லினக்ஸும் ஒரே மடிக்கணினியில் கையில் இருப்பவர்கள் இரண்டிலும் அதை ஒரே மாலையில் சோதித்துப் பார்த்துவிடலாம்.