விரலைப் பார்த்தார்கள், இப்போது பேச்சைக் கேட்கிறார்கள்

சிவகாசியை ஒட்டிய விஸ்வநத்தம் போன்ற ஊர்களில் ஒரு காலத்தில் வேலைக்கென்று யாரும் தயாராகவில்லை. வேலையே வாசலுக்கு வந்தது. கோழி கூவும் முன் தீப்பெட்டி ஆபீஸ் பஸ் தெருமுனையில் நிற்கும். தூக்குவாளியோடு பிள்ளைகள் ஏறுவார்கள். தீக்குச்சிக் கட்டை அடுக்கச் சின்ன விரல் போதும் என்பதால் ஆள் பிடிக்கும் ஏஜென்ட் பார்த்தது விரலை மட்டும்தான். வீட்டில் வாங்கியிருந்த முன்பணமே நியமன உத்தரவு. 1976-இல் அப்படி ஒரு பஸ் விபத்தில் சிக்கி 32 பிள்ளைகள் இறந்தார்கள். நாடு இந்தப் பக்கம் திரும்பிப் பார்க்க அவ்வளவு பெரிய சாவு வேண்டியிருந்தது.

1986-இல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது. வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், வேலைக்கு வைத்த ஒவ்வொரு பிள்ளைக்கும் முதலாளி 20,000 ரூபாய் கட்ட வேண்டும் என்றது. பிள்ளைகள் பள்ளிக்குப் போனார்கள். படிக்கக் கல்லூரிகளும் பக்கத்திலேயே இருந்தன. அவற்றை எழுப்பியதும் இதே தீப்பெட்டி, பட்டாசுத் தொழில்தான்: 1963-இல் அய்ய நாடார் ஜானகி அம்மாள் கல்லூரி, 1968-இல் பெண்களுக்காக ஸ்டாண்டர்டு ஃபயர்ஒர்க்ஸ் ராஜரத்தினம் கல்லூரி, 1984-இல் மெப்கோ ஸ்லெங்க். மெப்கோ என்பது பட்டாசுக்கான உலோகப் பவுடர் கம்பெனியின் பெயர்.

இன்று அந்த வீட்டுப் பேரப்பிள்ளைகள் கேம்பஸ் இன்டர்வியூவில் உட்காருகிறார்கள். 2022-இல் தொடங்கிய 'நான் முதல்வன்' திட்டத்தில் ஆங்கிலப் பேச்சும் இன்டர்வியூ பயிற்சியும் கிடைக்கின்றன. நல்ல காரியம். ஆனாலும் 'உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்' என்றதும், பெயர், ஊர், பொழுதுபோக்கு என்று மனப்பாடம் செய்த நாலு வரிதான் வருகிறது. அப்பாவின் தொழிலைக் கேட்டால் 'கூலி' என்று சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொள்கிறார்கள். எனக்குப் பெரிய வருத்தம் இதில்தான்.

அந்தக் 'கூலி'க்கு என்னவெல்லாம் தெரியும்! வெயில் ஏறும் முன் பட்டாசு மருந்துக் கலவையை முடிக்க வேண்டும். கலந்த மருந்தை மறுநாளைக்கு வைக்கக் கூடாது. இரும்புக் கருவி ஆகாது. பாலியெஸ்டர் உடை மின்னேற்றம் பிடிக்கும், பருத்திதான் உடுத்த வேண்டும். அறைக்குள் நாலு பேருக்கு மேல் நிற்கக் கூடாது. ஒவ்வொன்றுக்கும் காரணம் உண்டு. அந்தக் காரணத்தை விளக்கத் தெரிந்த வேதியியல் மாணவியோ மெக்கானிக்கல் மாணவனோ, பாதுகாப்பைப் பற்றிக் கேட்கும் எந்தக் கம்பெனி முன்னும் திணற மாட்டார்கள். 2018-இல் உச்ச நீதிமன்றம் பசுமைப் பட்டாசு மட்டும் என்று தீர்ப்புச் சொல்லி, பேரியம் உப்புக்கும் தடை விதித்தது. அதனால் தொழில் எப்படி மாறியது என்று ஐந்து நிமிடம் பேச முடிந்தால், வெளியூர்ப் பிள்ளைக்குக் கிடைக்காத பதில் அது.

தயாரிப்பு என்று நான் சொல்வது இதைத்தான். நடந்த மூன்று சம்பவங்களை எழுதிக்கொள்ளுங்கள்: சிக்கல் என்ன, நீங்கள் என்ன செய்தீர்கள், என்ன ஆனது. முதலில் தமிழில் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். சொல்லச் சொல்லச் சுருங்கும். அப்புறம் ஆங்கிலம். ரெஸ்யூமில் எழுதிய ஒவ்வொரு வரியிலிருந்தும் கேள்வி வரும். பதில் இல்லாத வரியை அடித்துவிடுங்கள். கம்பெனி எதைச் செய்கிறது, யாருக்கு விற்கிறது என்று பார்த்துவிட்டுப் போங்கள். சென்னையில் இன்டர்வியூ என்றால் அன்று காலையில் போய் இறங்கும் பொதிகை எக்ஸ்பிரஸை நம்பாதீர்கள்; முந்தின நாளே போய்விடுவது நல்லது. அசல் சான்றிதழ்கள் கையோடு இருக்கட்டும்.

மருந்து வேலையைப் பற்றிய சந்தேகங்களை ஞாயிற்றுக்கிழமை கேளுங்கள். அன்று பட்டாசு ஆபீஸ் லீவு, அப்பா வீட்டில்தான் இருப்பார்.