பாம்புக்கடி: வீணாக்கக் கூடாத நேரமும் விட்டுவிடக் கூடாத தாளும்

இந்தியாவில் ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் பாம்பு கடித்துச் சாகிறார்கள். 2000 முதல் 2019 வரை நிகழ்ந்த மரணங்களை வைத்து 2020இல் வெளியான ஆய்வு ஒன்றின் கணக்கு இது. இறந்தவர்களில் பெரும்பாலோர் கிராமத்துக்காரர்கள்; ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேராமல் வீட்டிலேயே உயிர்விட்டவர்கள். கால்வாசிக்கும் மேல் 15 வயது நிரம்பாத பிள்ளைகள்.

விஷமுறிவு மருந்து நூறாண்டுக்கும் மேலாகப் புழக்கத்தில் இருக்கிறது. அதைத் தயாரிக்கத் தேவையான விஷத்தின் பெரும்பகுதி மாமல்லபுரத்துக்கு அருகில் வடநெம்மேலியில் உள்ள இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்திலிருந்துதான் நாடு முழுவதும் போகிறது. 1978இல் தொடங்கிய சங்கம் அது. பிடித்து வரும் பாம்பிடம் விஷம் எடுத்தபின் மறுபடி காட்டிலேயே விட்டுவிடுகிறார்கள். சங்கத்தைச் சேர்ந்த வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் 2023இல் பத்மஸ்ரீ கிடைத்தது. நாட்டுக்கே விஷம் எடுத்துக் கொடுக்கும் மண்ணில், களை எடுக்கப் போன பெண் வரப்பில் கடிபட்டுச் செத்தாள் என்ற சேதி இன்றும் வருவது எனக்குப் பொறுக்கவில்லை.

வெறுங்காலோடு வயலில் நிற்பவர்களையும், இருட்டில் தண்ணீர் பாய்ச்சப் போகிறவர்களையும், கதவு சரியாக மூடாத வீட்டில் தரையில் படுப்பவர்களையும்தான் பாம்பு கடிக்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2017இல் பாம்புக்கடியைப் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களின் பட்டியலில் சேர்த்தது. பிழைத்தவர்களின் பாடும் லேசானதல்ல. தமிழ்நாட்டுக் கிராமங்களில் நடத்தி 2013இல் வெளியான ஓர் ஆய்வு, வைத்தியச் செலவுக்காகக் குடும்பங்கள் கடன் வாங்கியதையும், ஆடுமாடு, நகைகளை விற்றதையும் பதிவு செய்திருக்கிறது. உழைக்கிற கை ஒன்று விழுந்தால் அந்த வீட்டின் வருமானம் பல ஆண்டுகளுக்குத் தலைதூக்காது.

நம் ஊரில் உயிரைப் பறிப்பவை பெரும்பாலும் நான்கு: நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன். இவற்றுள் கட்டுவிரியனைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டும். அது இரவில், தூங்குகிறவர்களைக் கடிக்கும். வலி இருக்காது, வீக்கம் இருக்காது, பல்தடம்கூடத் தெரியாமல் போகலாம். விடியற்காலையில் வயிற்றுவலி, வாந்தி என்று பிள்ளை எழுந்தால் அஜீரணம் என்று நினைத்துக் கஷாயம் கொடுப்போம். பிறகு இமை கனத்துக் கீழே இறங்கும், பேச்சு குழறும், எச்சில் விழுங்க வராது, கடைசியில் மூச்சு நிற்கும். தரையில் படுத்த ஒருவருக்குக் காலையில் காரணமில்லாத வயிற்றுவலியும் இமைத் தொய்வும் வந்தால், கடிவாய் இல்லை என்று நிம்மதி அடையாமல் உடனே தூக்கிக்கொண்டு ஓடுங்கள். இந்த விஷம் நரம்பில் ஏறிவிட்டால் மருந்தால் மட்டும் இறக்க முடியாது. சுவாசக் கருவி வேண்டியிருக்கும். கொசுவலையைப் பாய்க்கு அடியில் செருகிப் படுப்பதும், கட்டிலில் படுப்பதும் பெரிய காப்பு.

கண்ணாடி விரியன் வேறு வகை. கடித்த இடம் வீங்கும், ஈறில் ரத்தம் கசியும், சிறுநீரகம் செயலிழந்து டயாலிசிஸ் வரை போகலாம். ஆஸ்பத்திரியில் காய்ந்த கண்ணாடிக் குழாயில் கொஞ்சம் ரத்தம் எடுத்து 20 நிமிடம் அசைக்காமல் வைத்துப் பார்ப்பார்கள். உறையவில்லை என்றால் விஷம் ஏறியிருக்கிறது. இந்த எளிய சோதனைக்குப் பெரிய ஆய்வகம் தேவையில்லை.

கடிபட்டவுடன் வேப்பிலை கசக்கிறதா, மிளகாய் காரமாக இருக்கிறதா என்று சோதிப்பது, மந்திரிப்பது, பச்சிலை அரைத்துக் கட்டுவது எல்லாம் நேரத்தைத் தின்னும். மந்திரித்துப் பிழைத்தவர்களை எல்லா ஊரும் சொல்லும். விஷமில்லாத பாம்புகளே அதிகம். விஷப்பாம்பு கடித்தாலும் சில நேரம் விஷம் இறங்குவதில்லை. அவர்கள் மந்திரிக்காவிட்டாலும் பிழைத்திருப்பார்கள். கயிற்றால் இறுகக் கட்டுவதால் காலே அழுகிப்போகலாம். கீறுவதும் வாயால் உறிஞ்சுவதும் கூடாது. மோதிரம், வளையல், மெட்டியைக் கழற்றி, எலும்பு முறிந்தால் செய்வதுபோல் ஒரு கம்பை வைத்துத் தளர்வாகத் துணி சுற்றி, கடிபட்டவரை நடக்கவிடாமல் 108ஐக் கூப்பிடுங்கள். வண்டி வரத் தாமதமானால் பைக்கில் நடுவில் உட்காரவைத்துக் கொண்டுபோங்கள். பாம்பைத் துரத்த வேண்டாம். அறிகுறி பார்த்துத்தான் வைத்தியம்.

அரசு மருத்துவமனையில் விஷமுறிவு ஊசிக்குப் பணம் கட்ட வேண்டியதில்லை. தனியாரிடம் போனால் ஒரு குப்பியோடு முடியாது, வழக்கமாக 8 முதல் 10 குப்பிகளில் தொடங்கும். சிறுபிள்ளைக்கும் பெரியவர்களுக்கும் அளவு ஒன்றுதான், பாம்பு ஆள் பார்த்து விஷத்தைக் குறைப்பதில்லை. குதிரையின் ரத்தத்திலிருந்து எடுக்கும் மருந்து என்பதால் ஒவ்வாமை வரலாம். அந்தப் பயத்தில் சில இடங்களில் ஊசியைத் தொடாமலே பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பிவிடுவதுண்டு. விஷ அறிகுறி தெரிந்தால், முதல் தவணையை இங்கேயே தொடங்கி அனுப்ப முடியுமா என்று பணிவாக, ஆனால் விடாமல் கேளுங்கள். அவசர சிகிச்சையை மறுப்பது வாழும் உரிமையை மறுப்பது என்று உச்ச நீதிமன்றம் 1996இல், மேற்கு வங்க விவசாயத் தொழிலாளர் அமைப்பு தொடுத்த வழக்கில் தீர்ப்பளித்திருக்கிறது. உயிர் காக்கும் கடமை தனியார் மருத்துவருக்கும் உண்டு என்பது 1989ஆம் ஆண்டுத் தீர்ப்பு.

தமிழ்நாடு அரசு 2024 நவம்பரில் பாம்புக்கடியைக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோயாக அறிவித்தது. தனியார் மருத்துவமனைகளும் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும். எந்த வட்டாரத்தில் எவ்வளவு மருந்து வேண்டும் என்று இனி ஊகிக்க வேண்டியிராது, தகவல் ஒழுங்காகப் போனால்.

அடுத்தது, துக்கத்தில் யாரும் நினைக்காத தாள். சேர்க்கும்போதே, பாம்புக்கடி என்று விபத்துப் பதிவேட்டில் எழுதச் சொல்லி, அதன் நகலை, அதாவது ஏ.ஆர். காப்பியை, கேட்டு வாங்குங்கள். இறந்துவிட்டால் காவல் நிலையத்தில் சொல்லி உடற்கூறாய்வு செய்துகொள்ளுங்கள். உடம்பை அறுக்க வேண்டாம் என்று மனம் மறுக்கும், அது புரிகிறது. ஆனால் அந்த அறிக்கை இல்லாவிட்டால் பின்னாலே நிவாரணம் நகர்வது கடினம். பிரதமர் சுரக்ஷா பீமா திட்டத்தில் 18 முதல் 70 வயது வரை உள்ளவர்களின் வங்கிக் கணக்கிலிருந்து ஆண்டுக்கு 20 ரூபாய் பிடிப்பார்கள். விபத்து மரணத்துக்கு 2 லட்சம் ரூபாய். பாம்புக்கடியும் அதில் அடங்கும், உடனடியாக எழுதிய மருத்துவமனைப் பதிவு இருந்தால். பல குடும்பங்களுக்குத் தம் கணக்கில் பணம் பிடிக்கப்படுவதே தெரியாது. பாஸ்புக்கை எடுத்துப் பாருங்கள். உழவர் பாதுகாப்புத் திட்ட அட்டை இருந்தால் கிராம நிர்வாக அலுவலரிடமும் மனு கொடுங்கள். மத்தியப் பிரதேசம், உத்தரப் பிரதேசம், ஒடிசா மாநிலங்கள் பாம்புக்கடி மரணத்துக்கு 4 லட்சம் ரூபாய் தருகின்றன. அங்கிருந்து இங்கே செங்கல் சூளைக்கோ கட்டட வேலைக்கோ வந்த குடும்பங்களிடம் இதை யாராவது எடுத்துச் சொல்ல வேண்டும்.

கை அல்லது காலின் செயல்பாட்டை இழந்து பிழைத்தவர்களுக்கு அதே பீமா திட்டத்தில் 1 லட்சம் உண்டு. அதோடு, அரசு மருத்துவரிடம் ஊனத்தின் அளவுக்குச் சான்று வாங்கி, மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்கலாம். அதற்கும் அந்த முதல் நாளின் ஏ.ஆர். காப்பி கைகொடுக்கும்.