அக்கிக்கு '72 மணி நேரம்' என்கிறார்களே, ஏன்? - விடை வைரஸின் தயாரிப்பு லைனில் இருக்கிறது

முதுகிலோ விலாவிலோ ஒரு பக்கம் மட்டும் எரிச்சல். ரெண்டு நாள் கழித்து அதே இடத்தில் பெல்ட் கட்டியது போல வரிசையாகக் கொப்புளங்கள். "அக்கி வந்திருக்கு, காவி எழுதிட்டு வா" என்பார்கள் வீட்டில். மண்பாண்டம் செய்பவர்களிடம் போய் செங்காவியால் அக்கி எழுதிக்கொள்ளும் வழக்கம் தமிழ்நாட்டில் இன்னும் இருக்கிறது. டாக்டர்களோ, "கொப்புளம் தெரிந்த 72 மணி நேரத்துக்குள் மாத்திரையை ஆரம்பிக்க வேண்டும்" என்கிறார்கள்.

அதென்ன 72 மணி நேரக் கணக்கு? இதைப் புரிந்துகொள்ள, இந்த வைரஸ் நம் உடம்புக்குள் எப்படித் 'தயாராகிறது' என்று பார்க்க வேண்டும்.

ஹெர்பிஸ் என்றால் பாலியல் நோய்தானே?

அது பாதி உண்மை மட்டுமே. ஹெர்பிஸ் என்பது ஒரு பெரிய குடும்பம். அதில் மனிதர்களைப் பிடிப்பவை 9. சின்னம்மையும் அக்கியும் ஒரே வைரஸின் வேலை. உதட்டு ஓரம் வரும் கொப்புளம் இன்னொன்று. சிஎம்வி எனப்படும் சைட்டோமெகலோ வைரஸ் மற்றொன்று. நம்மில் பெரும்பாலானவர்களின் உடம்பில் இவற்றில் ஒன்றாவது இருக்கும். ஒருமுறை வந்தால் வாழ்நாள் முழுக்கப் போகாது என்பதுதான் இந்தக் குடும்பத்தின் குணம்.

நாலு அடுக்கு

இந்த வைரஸ்கள் எல்லாமே ஒரே மாதிரிக் கட்டமைப்பு கொண்டவை. நடுவில் டிஎன்ஏ. அதைச் சுற்றி 20 முகங்களும் 12 மூலைகளும் கொண்ட கெட்டியான புரதக் கூடு. அதன் மேல் டெகுமென்ட் எனப்படும் புரதப் பஞ்சு. எல்லாவற்றுக்கும் வெளியே, செல்லிடமிருந்தே எடுத்துக்கொண்ட கொழுப்புப் போர்வை. சோப்பு பட்டால் கரைவது இந்தப் போர்வைதான்.

கூட்டின் அகலம் சுமார் 125 நானோமீட்டர். அதாவது, ஒரு மில்லிமீட்டரில் 8,000 கூடுகளை வரிசையாக வைக்கலாம். உதட்டுக் கொப்புள வைரஸின் டிஎன்ஏவை நீட்டிப் பிடித்தால், கூட்டின் அகலத்தைப் போல சுமார் 400 மடங்கு நீளம் வரும். இவ்வளவையும் அதற்குள் திணிக்க வேண்டும்.

ஷூ தயாரிப்பது போலத்தான்

ஆம்பூர், ராணிப்பேட்டை பக்கம் ஷூ ஃபேக்டரியைப் பார்த்தவர்களுக்கு அடுத்த கட்டம் சுலபமாகப் புரியும். தைத்த அப்பரை ஒரு 'லாஸ்ட்' மேல் இழுத்து மாட்டுவார்கள். ஷூவுக்கு வடிவம் கொடுப்பது பாதத்தின் வடிவிலிருக்கும் அந்த அச்சுதான். வேலை முடிந்ததும் லாஸ்ட்டை உருவிவிடுவார்கள். கடைக்குப் போகும் ஷூவில் அது இருக்காது.

வைரஸும் இதையேதான் செய்கிறது. செல்லின் நியூக்ளியஸுக்குள், முதலில் ஓர் அச்சுப் புரதம் உருண்டையாகத் திரள்கிறது. அதன் மேல் கூட்டின் துண்டுகள் வந்து ஒட்டுகின்றன. கூடு முழுமையானதும், வைரஸின் சொந்த 'கத்திரி' நொதி ஒன்று உள்ளே இருக்கும் அச்சை வெட்டி எறிகிறது. லாஸ்ட்டைத் திரும்பப் பயன்படுத்தலாம், இந்த அச்சை முடியாது. அவ்வளவுதான் வித்தியாசம்.

அடுத்தது பேக்கிங். கூட்டின் 12 மூலைகளில் 11 மூடியிருக்கும், ஒன்று மட்டும் வாசல். அங்கே டெர்மினேஸ் என்ற மூலக்கூறு மோட்டார் வந்து உட்கார்ந்து டிஎன்ஏவை உள்ளே தள்ளுகிறது. டிஎன்ஏ நகல்கள் ஒன்றோடொன்று ஒட்டிய நீளமான கயிறாக இருக்கும். ஒரு கூட்டுக்கான அளவு உள்ளே போனதும் மோட்டாரே அதை வெட்டிவிடும். அப்போது கூட்டுக்குள் இருக்கும் அழுத்தம் காற்று மண்டல அழுத்தத்தைப் போல 20 மடங்கை நெருங்குகிறது. கார் டயரில் நாம் அடிக்கும் காற்று 2 மடங்கு சொச்சம்தான்.

கடைசியில் டெலிவரி. நியூக்ளியஸின் துளைகள் இந்தக் கூட்டுக்குப் பத்தாது. அதனால் அது உள் சவ்வைப் போர்த்திக்கொண்டு நுழைந்து, வெளிச் சவ்வில் அந்தப் போர்வையைக் கழற்றிப் போட்டு வெளியே வருகிறது. பிறகு டெகுமென்ட்டைச் சேர்த்துக்கொண்டு, புதுப் போர்வை மாட்டிச் செல்லை விட்டுக் கிளம்புகிறது.

உறைநிலை எலெக்ட்ரான் நுண்ணோக்கி வந்த பிறகு இந்தக் கூடுகளை அணு அளவுத் துல்லியத்தில் பார்க்க முடிகிறது. அந்தத் தொழில்நுட்பத்துக்கு 2017-ல் வேதியியல் நோபல் கிடைத்தது. அடுத்த ஆண்டே ஹெர்பிஸ் கூட்டின் விரிவான படங்கள் வெளியாகின.

வேலூருக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

நிறைய இருக்கிறது. வேலூர் சிஎம்சியில் சிறுநீரக மாற்று சிகிச்சை 1971-லும், எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சை 1986-லும் தொடங்கின. இந்த சிகிச்சைகள் நடக்கும் எந்த மருத்துவமனையும் பயப்படும் கிருமிகளில் ஒன்று சிஎம்வி. சாதாரண நாட்களில் இது வாலைச் சுருட்டிக்கொண்டு கிடக்கும். மாற்று சிகிச்சைக்காக எதிர்ப்பு சக்தியைக் குறைத்தால் கிளம்பிவிடும். நுரையீரல், குடல், கண் என எங்கும் தாக்கலாம்.

பழைய மருந்துகள் வைரஸ் டிஎன்ஏ நகலெடுப்பதைத் தடுக்கின்றன. அக்கிக்குக் கொடுக்கும் அசைக்ளோவிர் அப்படித்தான் வேலை செய்கிறது. அதை உருவாக்கியதில் முக்கியப் பங்காற்றிய கெர்ட்ரூட் எலியன் 1988-ல் மருத்துவ நோபல் பெற்றார். சிஎம்விக்குத் தரும் கான்சைக்ளோவிரும் இதே வகை. ஆனால் அது ரத்த அணுக்களின் உற்பத்தியையும் குறைக்கும். புது மஜ்ஜை இப்போதுதான் வேர் பிடிக்கிறது என்ற நிலையில் உள்ள நோயாளிக்கு அது பெரிய சங்கடம்.

இங்கேதான் தயாரிப்பு லைனைப் பற்றிய ஆராய்ச்சி கைகொடுக்கிறது. 2017-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற லெட்டர்மோவிர், நகலெடுப்பதைத் தொடுவதே இல்லை. பேக்கிங் மோட்டாரான டெர்மினேஸை நிறுத்திவிடுகிறது. டிஎன்ஏ தயார், ஆனால் பெட்டிக்குள் போகாது! மனித செல்லில் அந்த மோட்டார் கிடையாது என்பதால் மஜ்ஜைக்கும் பாதிப்பு குறைவு. 2021-ல் அனுமதி பெற்ற மாரிபாவிர், கூடுகள் நியூக்ளியஸிலிருந்து வெளியேற உதவும் ஒரு நொதியை முடக்குகிறது. இரண்டுமே சிஎம்விக்குத்தான், அக்கிக்குக் கேட்காது.

அப்படின்னா ஏன் முழுசா ஒழிக்க முடியல?

லைன் ஓடும்போதுதான் இந்த மருந்துகளுக்கு வேலை. அக்கி வைரஸ் ஓய்வில் இருக்கும்போது கூடும் கிடையாது, போர்வையும் கிடையாது. நரம்பு செல்லுக்குள் வெறும் டிஎன்ஏவாகச் சும்மா கிடக்கும். தயாரிப்பே நடக்காதபோது மருந்து எதை நிறுத்தும்?

72 மணி நேரத்தின் அர்த்தமும் இதுதான். கொப்புளம் தெரியும்போது லைன் முழு வேகத்தில் ஓடுகிறது. மாத்திரை புதுச் சரக்கைத் தடுக்கும். ஏற்கெனவே வெளியே போனதைத் திரும்பக் கூப்பிடாது. சீக்கிரம் ஆரம்பித்தால் கொப்புளம் விரைவாக ஆறும், ஆரம்ப வலியும் குறையும். காவி குளிர்ச்சியாக இருக்கலாம், ஆனால் லைனை நிறுத்தாது. அக்கிக் கொப்புளம் பெரும்பாலும் 2 முதல் 4 வாரத்தில் தானாகவே காய்ந்துவிடும். அதனால்தான் பெயர் காவிக்குப் போய்விடுகிறது. சிலருக்கு நரம்பு வலி மட்டும் மாதக்கணக்கில் தங்கிவிடும்.

நீங்கள் செய்ய வேண்டியது

* ஒரு பக்கம் மட்டும் வரிசையாகக் கொப்புளம் வந்தால் அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள். நெற்றி, மூக்கு நுனி, கண் பக்கம் என்றால் கண் டாக்டரையும் உடனே பார்க்க வேண்டும். பார்வைக்கே ஆபத்து வரலாம்.

* கொப்புளம் காயும்வரை துணியால் மூடி வையுங்கள். அந்த நீர் பட்டால், சின்னம்மை வராதவர்களுக்குச் சின்னம்மை வரலாம். கர்ப்பிணிகள், பச்சிளம் குழந்தைகள், மாற்று சிகிச்சை செய்தவர்கள் பக்கம் போகாதீர்கள்.

* வீட்டில் 50 வயதைக் கடந்தவர்கள் இருந்தால் அக்கி தடுப்பூசி பற்றி டாக்டரிடம் கேளுங்கள். 2023-ல் இந்தியாவுக்கு வந்த தடுப்பூசியில் முழு வைரஸ் கிடையாது. அதன் போர்வையில் இருக்கும் ஒரே ஒரு புரதம்தான் இருக்கிறது. உடம்பு அதை அடையாளம் கண்டு வைத்துக்கொண்டால், லைன் மறுபடி ஓட ஆரம்பிக்கும்போதே காவலுக்கு ஆள் தயாராக இருக்கும்.