என் சகோதரன் எந்த மாடியில் இருக்கிறான்?



வேதத்தில் தேவன் விலாசம் சொல்லி ஆள் அனுப்பிய இடங்களை நீங்கள் கவனித்து வாசித்ததுண்டா? தமஸ்குவிலிருந்த அனனியாவுக்குத் தெருவின் பெயர் சொல்லப்பட்டது, வீட்டுக்காரனின் பெயர் சொல்லப்பட்டது, தேடவேண்டியவனின் பெயரும் ஊரும் சொல்லப்பட்டன. அவன் அந்நேரத்தில் ஜெபம் செய்துகொண்டிருக்கிறான் என்பதுகூடச் சொல்லப்பட்டது (அப். 9:11). கொர்நேலியுவின் காரியம் இன்னும் விசேஷமானது. அழைக்கவேண்டியவன் சீமோன், அவன் தங்கியிருந்த வீட்டுக்காரனும் சீமோன். ஆகவே ஒருவனுக்குப் பேதுரு என்கிற மறுபெயரும், மற்றவனுக்குத் தோல் பதனிடும் தொழிலும், வீட்டுக்குக் கடலோரம் என்கிற அடையாளமும் சேர்த்துச் சொல்லப்பட்டன (அப். 10:5,6). ஒரே பெயருடைய இருவர் இருந்தால் குழப்பம் வரும் என்பதைக் கர்த்தர் அறிந்திருந்தார்.

பெங்களூரில் மென்பொருள் நிறுவனங்களில் வேலை செய்கிற நம் பிள்ளைகள் இதை வாசித்தால் புன்னகை செய்வார்கள். அவர்களுடைய அலுவலகக் கணிப்பொறியில் இப்போது ஒரு சாட்பாட் இருக்கிறது. ஊரிலுள்ள பெற்றோருக்காகச் சொல்லுகிறேன்: இது மனிதன் அல்ல, நாம் எழுத்தில் கேட்பதற்கு எழுத்தில் பதில் தருகிற ஒரு மென்பொருள். "இன்னார் எங்கே உட்கார்ந்திருக்கிறார்?" என்று தட்டினால், அவருடைய புகைப்படம், பதவி, மேனேஜரின் பெயர், கட்டிடம், மாடி, எக்ஸ்டென்ஷன் எண் ஆகியவற்றைக் கொண்டுவந்து வைக்கும். லீவு எத்தனை நாள் மீதியிருக்கிறது, ஒயிட்ஃபீல்டு அலுவலகத்துக்கு எந்த வாசல் வழியாக நுழையவேண்டும் என்றும் சொல்லும்.

இதற்கு ஏன் அவசியம் வந்தது? 1985ஆம் ஆண்டில் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனம் பெங்களூருக்கு வந்தபோது அங்கே வேலை செய்தவர்கள் ஒருவரையொருவர் முகமறிந்திருப்பார்கள். இன்ஃபோசிஸ் 1994ஆம் ஆண்டு எலக்ட்ரானிக் சிட்டியில் தன் வளாகத்தைத் திறந்த பின்பு இந்த நகரத்தின் அலுவலகங்கள் ஊர்களைப்போல் பெருகின. ஒரே நிறுவனத்துக்கு எலக்ட்ரானிக் சிட்டியில் ஒரு வளாகம், ஒயிட்ஃபீல்டில் ஒன்று, நாகவாராவிலுள்ள மான்யதாவில் ஒன்று என்று இருப்பது சாதாரணம். எலக்ட்ரானிக் சிட்டிக்கும் ஒயிட்ஃபீல்டுக்கும் நடுவே ஏறத்தாழ 25 கிலோமீட்டர். சில்க் போர்டு சந்திப்பைக் கடந்து அந்தத் தூரத்தை மாலை வேளையில் போனவர்களுக்கு அது எவ்வளவு தூரம் என்று நான் சொல்லவேண்டியதில்லை. முன்னே அச்சிட்ட தொலைபேசிப் பட்டியல் மேஜைமேல் கிடந்தது. பின்பு அது கணிப்பொறிக்குள் போயிற்று. 2016 நவம்பரில் மைக்ரோசாப்ட் நிறுவனம் டீம்ஸ் என்னும் மென்பொருளை அறிவித்தபோதே, எந்த விஷயம் யாருக்குத் தெரியும் என்று தேடித்தருகிற 'ஹூபாட்' ஒன்றையும் சேர்த்து அறிவித்தது. 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வெளிவந்த பின்பு இத்தகைய உதவியாளர்கள் இன்னும் சரளமாகப் பேசத் தொடங்கிவிட்டன.

ஆனால் சரளமாகப் பேசுவது வேறு, சரியாகச் சொல்லுவது வேறு. சென்ற ஆண்டு மழைக்காலத்தில் எங்கள் சபையில் நடந்த ஒரு காரியத்தைச் சொல்லுகிறேன்.

எங்கள் சபையின் வாலிப சகோதரன் ஒருவர் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்தவர். வேதாகமத்திலுள்ள ஒரு தீர்க்கதரிசியின் பெயரை அவருக்கு வைத்திருக்கிறார்கள். அவர் வேலை செய்கிற பகுதியை ஓடிசி என்பார்கள். வெளிநாட்டு வாடிக்கையாளரின் இரகசியத் தகவல்கள் இருப்பதால் கைபேசியை வெளியே லாக்கரில் வைத்துவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும். ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் ஊரில் அவர் தகப்பனாருக்கு மாரடைப்பு வந்து, பாளையங்கோட்டையில் மருத்துவமனையில் சேர்த்தார்கள். தாயார் மகனுடைய கைபேசிக்கு முப்பது முறைக்கு மேல் அழைத்திருக்கிறார். அது லாக்கருக்குள்ளே அடித்துக்கொண்டே இருந்தது. கடைசியாக அவர்கள் எங்கள் பாஸ்டரை அழைத்தார்கள். பாஸ்டர், அதே நிறுவனத்தின் எலக்ட்ரானிக் சிட்டி வளாகத்தில் வேலை செய்யும் மற்றொரு சகோதரனை அழைத்தார். அப்போது மணி இரண்டரை.

அந்தச் சகோதரன் சாட்பாட்டில் பெயரைத் தட்டினார். பதினொரு பேர் வந்தார்கள்! "அவசரம்" என்று ஆங்கில எழுத்தில் தட்டியபோது, அந்தப் பெயரில் ஊழியர் யாரும் இல்லை என்று அது மரியாதையாகப் பதில் சொல்லியதாம்.

இங்கே நம் தமிழ்ப் பெயர்களைப்பற்றி ஒரு வார்த்தை. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, தகப்பனாரின் முதலெழுத்துதான். ஆனால் அலுவலகப் படிவம் கடைசிப் பெயரைக் கேட்கிறது. ஒருவர் அங்கே தகப்பனார் பெயரைப் போடுகிறார், ஒருவர் வெறும் முதலெழுத்தைப் போடுகிறார், ஒருவர் தன் பெயரையே இரண்டாக உடைத்துப் போடுகிறார். சபையில் நாம் அழைக்கிற பெயர் ஒன்று, பள்ளிச் சான்றிதழில் உள்ள பெயர் வேறு. ஜெயராஜ் என்பதை ஆங்கிலத்தில் எத்தனை விதமாக எழுதலாம் என்று எண்ணிப்பாருங்கள். சாட்பாட்டுக்குச் சுயமாக ஒன்றும் தெரியாது. நாம் கேட்ட வாக்கியத்தில் பெயர் எது, கேள்வி எது என்று பிரித்துக்கொண்டு, நிறுவனத்தின் ஊழியர் பட்டியலில் போய்ப் பார்க்கும். அங்கே என்ன எழுதியிருக்கிறதோ, அதைத்தான் அழகான வாக்கியமாக்கித் தரும்.

புகைப்படத்தை வைத்து நம் சகோதரன் சரியான ஆளைக் கண்டுபிடித்தார். "எலக்ட்ரானிக் சிட்டி, இரண்டாம் கட்டிடம், மூன்றாம் மாடி" என்றது சாட்பாட். ஸ்தோத்திரம் சொல்லிக்கொண்டு ஓடினார். அந்த இருக்கையில் ஒரு வடநாட்டுப் பெண்மணி உட்கார்ந்திருந்தார். அந்தக் குழு முழுவதும் ஒயிட்ஃபீல்டுக்கு மாறி ஐந்து மாதமாயிற்று. பட்டியலில் ஒருவரும் மாற்றவில்லை. 2020 மார்ச்சில் எல்லாரும் வீட்டுக்கு அனுப்பப்பட்டு, பின்பு வாரத்தில் சில நாள்மட்டும் அலுவலகம் வருகிற பழக்கம் உண்டானதிலிருந்து, பல இடங்களில் நிரந்தர இருக்கை என்பதே இல்லை. காலையில் எந்த இடம் கிடைக்கிறதோ அதுதான் இருக்கை. ஆகவே சாட்பாட் சொல்லுகிற மாடி, நேற்றைய மாடியாக இருக்கலாம்.

அவர் சோர்ந்துபோகாமல் மறுபடியும் கேட்டார்: இவருடைய மேனேஜர் யார்? பதில் சரியாக வந்தது. மேனேஜர் கூட்டத்தில் இருந்தார், செய்தியைப் பார்க்கவில்லை. அதே மேனேஜரின் கீழ் வேலை செய்கிறவர்கள் யார் யார் என்று கேட்டார். ஏழு பெயர்கள் வந்தன. ஏழு பேருக்கும் செய்தி அனுப்பினார். வீட்டிலிருந்து வேலை செய்துகொண்டிருந்த ஒருவர்மட்டும் பதில் எழுதி, ஒயிட்ஃபீல்டில் அந்த மாடியின் வாசலிலுள்ள தொலைபேசி எண்ணைக் கொடுத்தார். அந்த எண் எந்தப் பட்டியலிலும் இல்லை.

தொலைபேசியை எடுத்த காவலாளிக்கு வாசலை விட்டு நகர அனுமதி இல்லை. ஆனால் துடைப்பத்தோடு அந்தப் பக்கமாய் வந்த ஹவுஸ்கீப்பிங் அக்காவிடம் அவர் விஷயத்தைச் சொன்னார். "அந்தத் திருநெல்வேலித் தம்பியா? ஜன்னலோரம் கடைசி வரிசை" என்று சொல்லி அவர் நேரே உள்ளே போய், சகோதரனின் தோளைத் தொட்டு அழைத்துவந்தார். மணி நான்கு ஐந்து.

பிரியமானவர்களே, ஒநேசிப்போரு என்கிற மனிதனை உங்களுக்கு நினைவிருக்கும். பவுல் ரோமாபுரியில் விலங்கிடப்பட்டிருந்தபோது, அவன் அந்த மகா பட்டணத்தில் அவரை வெகு ஜாக்கிரதையாய்த் தேடிக் கண்டுபிடித்தான் (2 தீமோ. 1:16,17). எந்தத் தரிசனமும் அவனுக்கு விலாசம் சொன்னதாக எழுதப்படவில்லை. எத்தனை வாசல்களைத் தட்டினானோ, எத்தனை காவலர்களிடம் கேட்டானோ! எலக்ட்ரானிக் சிட்டியிலிருந்த நம் சகோதரன் முதல் பதிலோடு நின்றிருந்தால், "தேடினேன், இல்லை" என்று பாஸ்டருக்குச் சொல்லியிருக்கலாம். அது பொய்யாகவும் இருந்திராது.

ஆகவே வாலிப சகோதரரே, சகோதரிகளே, இன்றைக்கே உங்கள் அலுவலகச் சாட்பாட்டில் உங்கள் பெயரையே தட்டிப் பாருங்கள். உங்களைப்பற்றி அது என்ன சொல்லுகிறது? பழைய மாடியைச் சொன்னால் மாற்றுங்கள். அவசரத் தொடர்புக்குரிய இடம் காலியாக இருந்தால் நிரப்புங்கள். மாடியின் வாசலிலுள்ள தொலைபேசி எண்ணை ஒரு தாளில் எழுதி ஊரிலுள்ள தாயாரின் கையில் கொடுங்கள். இந்தத் தாள் எந்த மென்பொருளைவிடவும் நல்லது என்பது என் எண்ணம். யாரையாவது தேடிப் போகும்போது, சாட்பாட் சொன்னதை நம்பி மாடியேறுமுன் ஒரு வரிச் செய்தி அனுப்பிக் கேளுங்கள்.

சகோதரிகளுக்குத் தனியாக ஒன்று சொல்லவேண்டும். வேண்டியவர் தேடுகிற இடத்திலே வேண்டாதவரும் தேடலாம். வீட்டு விலாசத்தையும் விடுதியின் பெயரையும் எல்லாரும் பார்க்கிற பக்கத்தில் போடாதிருங்கள். உங்கள் இருக்கையைக் கண்டுபிடித்து வந்து தொந்தரவு செய்கிறவன் உண்டானால், சகித்துக்கொண்டு ஜெபிப்பதோடு நிறுத்திவிடாமல் புகார் செய்யுங்கள். பணியிடப் பாலியல் தொல்லையைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற ஒவ்வொரு இடத்திலும் அதற்கென்று ஒரு உள்ளகக் குழு இருக்கவேண்டும். தனிநபர் தகவல்களைக் காக்க 2023ஆம் ஆண்டில் நிறைவேறிய சட்டமும் இருக்கிறது.

இன்னொன்றையும் மறைக்காமல் எழுதுகிறேன். சில சகோதரர் கிறிஸ்தவப் பெயர்களாகப் பார்த்துத் தேடி, முகமறியாதவர்களுக்கெல்லாம் கூட்ட அழைப்பிதழ் அனுப்புகிறார்கள். வைராக்கியம் நல்லதே. ஆனால் வேலைக்காகக் கொடுக்கப்பட்ட பட்டியல் அதற்குரியதல்ல. அது நிறுவனத்தின் விதிக்கும் விரோதம். ஒருவரோடு உட்கார்ந்து மதிய உணவு சாப்பிட்டு, அவர் துக்கத்தை விசாரித்துவிட்டு அழைத்தால் ஆகாதா?

அந்த மாலை என்ன நடந்தது என்று கேட்பீர்கள். எலக்ட்ரானிக் சிட்டிச் சகோதரன் தன்னிடமிருந்த பணத்தையும் ஒரு மாற்றுடையையும் எடுத்துக்கொண்டு சுங்கச்சாவடி அருகே மழையில் காத்திருந்தார். மகன் அங்கே வந்து ஆம்னி பேருந்தில் ஏறினார். விடியற்காலையில் பாளையங்கோட்டை போய்ச் சேர்ந்தார். தகப்பனாருக்கு நினைவு இருந்தது. மகனைப் பெயர் சொல்லி அழைத்து, கையைப் பிடித்துக்கொண்டு, ஒரு சிறு ஜெபமும் செய்தாராம். மறுநாள் மதியம் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்.

பதினாறு நாள் கழித்து மகன் பெங்களூருக்குத் திரும்பினார். அந்த அக்காவுக்கு நன்றி சொல்லவேண்டுமென்று சாட்பாட்டில் அவர் பெயரைத் தட்டினார். அப்படி ஒருவரும் இல்லை என்று பதில் வந்தது. ஒப்பந்த நிறுவனத்தின் மூலமாய் வருகிற காவலாளிகளும், துப்புரவு செய்கிறவர்களும், வண்டி ஓட்டுகிறவர்களும் அந்தப் பட்டியலில் இல்லை. மறுநாள் காலை ஏழரை மணிக்கே போய், அந்த மாடியில் தேநீர் எந்திரத்தின் அருகே நின்றுகொண்டிருந்தார். எட்டு மணிக்கு அவர் வந்தார். கோலார் தங்கவயலைச் சேர்ந்தவர். 2001 பிப்ரவரி 28ஆம் தேதி சுரங்கம் மூடப்பட்டபோது தகப்பனாருக்கு வேலை போயிற்றாம். அன்றிலிருந்து அந்த ஊரின் அநேகம் தமிழ்க் குடும்பங்களைப்போல இவர்கள் வீட்டிலும் அதிகாலை ரயிலைப் பிடித்துப் பெங்களூருக்கு வேலைக்கு வந்துபோகிறார்கள். ஒயிட்ஃபீல்டு நிலையத்தில் இறங்கி வருகிறார்.

"அப்பா எப்படி இருக்காங்க தம்பி?" என்பதுதான் அவர் கேட்ட முதல் கேள்வி.