வெட்டுதல், நகலெடுத்தல், ஒட்டுதல்: இணையப் பக்கத் தயாரிப்பில் கவனிக்க வேண்டியவை

அரசு அறிவிப்பு ஒன்று கோப்பில் ஒப்புதல் பெற்றவுடன் துறையின் இணையதளத்திலும் இடம்பெற வேண்டும் என்பது இன்று இயல்பான எதிர்பார்ப்பாகிவிட்டது. அதனை அங்கு ஏற்றுபவர் பெரும்பாலும் கணிப்பொறி வல்லுநர் அல்லர். பிரிவு அலுவலரோ உதவியாளரோ ஆவார். இணையப் பக்கத் தொகுப்பியில் அவர் நாள்தோறும் கையாளும் கருவிகளுள் முதன்மையானவை வெட்டுதல், நகலெடுத்தல், ஒட்டுதல் ஆகிய மூன்றுமாகும். இவற்றைக் கற்க ஐந்து நிமிடம் போதும். ஆனால் இவற்றால் நேரும் பிழைகள் அத்துணை எளிதில் கண்ணில் படுவதில்லை.

இப்பெயர்கள் அச்சகத்திலிருந்து வந்தவை. பத்திரிகை அலுவலகங்களில் பிரதியைக் கத்தரிக்கோலால் வெட்டிப் பசையால் வேறிடத்தில் ஒட்டித் திருத்துவது வழக்கமாயிருந்தது. 1970-களின் நடுவில், அமெரிக்காவின் ஜெராக்ஸ் ஆய்வு மையத்தில் பணியாற்றிய லாரி டெஸ்லரும் டிம் மாட்டும் 'ஜிப்சி' என்னும் எழுத்துத் தொகுப்பியில் அதே செயலைத் திரைக்குக் கொண்டுவந்தனர். 1983-ல் வெளிவந்த ஆப்பிள் லிசாவும் 1984-ல் வந்த மெகின்டாஷும் அதனைப் பரவலாக்கின. கன்ட்ரோல் விசையுடன் (மெகின்டாஷில் கமாண்ட் விசையுடன்) எக்ஸ், சி, வி ஆகியவற்றை அழுத்தும் முறை இன்று பரவலாக வழங்குகிறது.

நகலெடுக்கப்படும் பகுதி கிளிப்போர்டு எனப்படும் தற்காலிக நினைவிடத்திற்குச் செல்கிறது. பொதுவாக அது ஒரு நேரத்தில் ஒரு பொருளையே வைத்திருக்கும். அடுத்தது வந்தால் முன்னது போய்விடும். ஆகவே ஒரு பத்தியை வெட்டியெடுத்தபின், அதை ஒட்டுமுன் வேறொரு சொல்லை நகலெடுப்பவர் அப்பத்தியை இழக்கிறார். கன்ட்ரோலும் இசட்டும் அழுத்தி உடனே மீட்கலாம். பக்கத்தை மூடிவிட்டால் அதுவும் இயலாது. தொகுப்பியின் மேற்பட்டையிலுள்ள 'ஒட்டு' பொத்தான் சில வேளைகளில் இயங்காததைக் கண்டு பலர் திகைப்பதுண்டு. இது பழுதன்று. பயனரின் கிளிப்போர்டை இணையதளங்கள் தாமாகப் படித்துவிடாதபடி உலாவி தடுக்கிறது; விசைப்பலகை வழியே ஒட்டினால் தடையில்லை.

இனி, நுணுக்கமான செய்திக்கு வருவோம். வேர்டு ஆவணத்திலிருந்து ஒரு பகுதியை நகலெடுக்கும்போது எழுத்துகள் மட்டும் வருவதில்லை. எழுத்துரு, அளவு, நிறம், இடைவெளி ஆகியவற்றைக் குறிக்கும் கட்டளைகளும் உடன்வருகின்றன. பக்கம் ஒட்டுப்போட்ட துணிபோல் தோன்றுவதற்குக் காரணம் இதுவே. தோற்றக் கேட்டைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். தடித்த பெரிய எழுத்தில் ஒட்டப்பட்ட ஒரு வரி நமக்குத் தலைப்பாகத் தெரியினும், பார்வையற்றோர் பயன்படுத்தும் திரைபடிப்பானுக்கு அது வெறும் வரியே. தலைப்புக்குத் தலைப்பு தாவிச் செல்ல அவரால் இயலாது. எனவே கன்ட்ரோல், ஷிப்ட், வி மூன்றையும் சேர்த்தழுத்தி எழுத்தை மட்டும் ஒட்டி, தலைப்பு, பட்டியல் முதலியவற்றைத் தொகுப்பியிலேயே அமைப்பது நன்று.

தமிழுக்கு இதில் தனிச்சிக்கல் ஒன்றுண்டு. பழைய ஆவணங்கள் பல பாமினி போன்ற எழுத்துருக்களில் தட்டச்சிடப்பட்டவை. அவற்றில் தமிழாகத் தோன்றுபவை உள்ளே ஆங்கில எழுத்துகளே. 'அம்மா' என்னும் சொல்லை அவ்வாறு ஒட்டினால் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என ஐந்து குறிகளே மிஞ்சும். இத்தகைய ஆவணங்களை முதலில் யூனிகோடுக்கு மாற்றியபின், குறிப்பாக எண்களையும் நிறுத்தக் குறிகளையும் சரிபார்த்தபின், ஒட்டுதல் வேண்டும்.

எக்ஸல் அட்டவணைகளில் இடர் வேறு வகையானது. மறைத்துவைத்த நெடுவரிசைகளையும் உள்ளடக்கிய பகுதியைத் தேர்ந்து நகலெடுத்தால், அவையும் சேர்ந்தே வந்துவிடலாம். பயனாளிகளின் பெயர்ப்பட்டியலை வெளியிடும் அலுவலர், வங்கிக் கணக்கு எண்கள் இருந்த நெடுவரிசை உடன்வந்ததா என்று பார்த்தபின்னரே வெளியீட்டுப் பொத்தானை அழுத்த வேண்டும்.

பொருளியல் நோக்கில் கூறின், நகலெடுப்பின் இறுதிநிலைச் செலவு ஏறத்தாழச் சுழி. சரிபார்ப்பின் செலவோ சிறிதும் குறையவில்லை. தட்டச்சுப்பொறிக் காலத்தில் ஒருவர் படிக்க மற்றொருவர் ஒப்புநோக்கிச் சுருக்கொப்பமிடுவார். அவ்வழக்கம் தட்டச்சுப்பொறியோடு மறைந்தது வியப்பே, தேவை மறையவில்லை.

இக்கட்டுரையாளர் அறிந்த ஓர் அலுவலகத்தில் மாணவர் உதவித்தொகை அறிவிப்பு ஒன்று முந்தைய ஆண்டின் பக்கத்தை நகலெடுத்துத் தயாரிக்கப்பட்டது. மேலே கடைசி நாள் அக்டோபர் 31 எனத் திருத்தப்பட்டது. கீழே, விண்ணப்பிக்கும் முறை பற்றிய பகுதியில், பழைய செப்டம்பர் 30 அப்படியே நின்றது. அக்டோபர் முதல் வாரத்தில் அப்பகுதியைப் படித்தவர்கள் காலம் கடந்ததெனக் கருதியிருப்பர். விண்ணப்பித்தோர் எண்ணிக்கை கோப்பில் உண்டு. விண்ணப்பியாமல் விட்டோர் எத்துணைப் பேர் என்பது எக்கோப்பிலும் இல்லை. புகார் எதுவும் வராததால் பிழை மூன்று வாரங்கள் நீடித்தது. தன் தம்பிக்காக நேரில் விசாரிக்க வந்த ஒரு பெண் சொன்னபின்பே அது தெரிந்தது.

அதன்பின் அவ்வலுவலகத்தில் இரண்டு மாற்றங்கள் செய்யப்பட்டன. பக்கத்தில் கடைசி நாள் ஒரே இடத்தில் மட்டும் எழுதப்பட்டு, ஏனைய இடங்களிலிருந்து அவ்விடத்திற்கு இணைப்பு தரப்பட்டது. பழைய பக்கத்தை நகலெடுக்குமுன் அதிலுள்ள நாள், தொகை, வருமான வரம்பு அனைத்தும் நீக்கப்பட்டு வெற்றிடமாக விடப்பட்டன. நிரப்ப மறந்த வெற்றிடம் கண்ணில் படும். மாற்ற மறந்த நாள் கண்ணில் படாது. ஒப்புநோக்கியவரின் சுருக்கொப்பமும் மீண்டும் கேட்கப்பட்டது. அச்சிட்ட படியை ஒருவர் உரக்கப் படிக்க மற்றவர் திரையைப் பார்ப்பதற்கு, சாதாரண அறிவிப்பொன்றுக்குப் பத்து நிமிடங்களே ஆயின.