பெண்கள் சிகரெட்டை விட முடியாமல் தவிப்பது ஏன்?

இந்தியாவில் புகைபிடிக்கும் ஆண்கள் 19 சதவீதம். பெண்கள் 2 சதவீதம்தான் என்கிறது 2016-17ஆம் ஆண்டு அரசுக் கணக்கெடுப்பு. அதிலும் பீடி பிடிக்கும் கிராமத்துப் பாட்டிகள் அடக்கம். ஆனாலும் பேச்செல்லாம் நகரத்துப் பெண்ணைப் பற்றித்தான்.

சிகரெட்டைப் பெண் சுதந்திரத்தோடு முடிச்சுப் போட்டது விளம்பர உலகம். 1929இல் நியூயார்க் ஈஸ்டர் ஊர்வலத்தில் பெண்களைப் புகைத்தபடி நடக்க வைத்தார் எட்வர்ட் பெர்னேஸ். அவருக்குக் காசு கொடுத்தது சிகரெட் கம்பெனி!

இன்று நைட் ஷிஃப்ட், டெட்லைனுக்கு நடுவே சீட்டை விட்டு எழ ஒரு சாக்கு, கூடவே நண்பர்கள்... அப்படித்தான் பலருக்கும் ஆரம்பிக்கிறது.

விடுவதுதான் கஷ்டம். பெண்களின் உடல் நிக்கோட்டினை வேகமாக வெளியேற்றுகிறது. கருத்தடை மாத்திரை எடுத்தால் இன்னும் வேகம். அதனால் அடுத்த சிகரெட்டுக்கான தவிப்பும் சீக்கிரம் வரலாம். நிறுத்தினால் வெயிட் போட்டுடுமோ என்ற பயம் வேறு.

ஆண் புகைத்தால் ‘உடம்பைப் பார்த்துக்கோ’ என்பார்கள். பெண் என்றால் நடத்தையைப் பேசுவார்கள். அதனால் டாக்டரிடமும் மறைக்கிறார்கள். இங்கேதான் ஆபத்து. 35 வயதைத் தாண்டியவர்கள் புகைத்துக்கொண்டே ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரை எடுத்தால், மாரடைப்பு, பக்கவாத அபாயம் கூடும். மாற்று வழி இருக்கிறது. டாக்டருக்குத் தெரிந்தால்தானே சொல்வார்?

நேரில் கேட்கத் தயக்கமா? புகையிலையை நிறுத்த உதவும் தேசிய இலவச எண்: 1800-11-2356.